'மைக்ரோஃபோன்ஸ் இன் 2020' கேட்டு முடிச்சாச்சு. நடுவுல இருக்கிற 17 வருஷத்தை எங்கிருந்து தொடங்குறது?

ஈரமண்:

ராத்திரி வேற ஏதோ தேடப் போய் 'மைக்ரோஃபோன்ஸ் இன் 2020' கண்ல பட்டுச்சு, போட்டேன். ஆல்பம்னு நினைச்சுப் போட்டா உள்ளே ஒரே ஒரு பாட்டு, 44 நிமிஷம். ஆரம்பத்துல அக்கூஸ்டிக் கிதார்ல ரெண்டே கார்ட் (பல சுரங்களைச் சேர்த்து மீட்டுறது). அதே ஸ்ட்ரம், அதே ரெண்டு கார்ட், நிமிஷக்கணக்கா ஓடுது. நிறுத்திடலாம்னு கை போற நேரத்துல குரல் வந்துச்சு. அதுக்கப்புறம் முடியுற வரைக்கும் நான் நகரவே இல்லை.

பாடினவர் ஃபில் எல்வெரம். தேடிப் பார்த்ததுல தெரிஞ்சது இவ்வளவுதான்: 2003 வரைக்கும் 'தி மைக்ரோஃபோன்ஸ்'ங்கிற பேர்ல கே ரெக்கார்ட்ஸ்ல ஆல்பம் போட்டிருக்கார். அதுல 2001-ல வந்த 'தி க்ளோ பார்ட் 2'வை எல்லாரும் தலைமேல தூக்கி வெச்சுக் கொண்டாடுறாங்க. அதுக்கப்புறம் 'மவுண்ட் ஈரி'ன்னு பேரை மாத்திக்கிட்டு, சொந்தமா ஒரு லேபிள் (இசை வெளியீட்டு நிறுவனம்) வெச்சு, தானே வெளியிட்டுக்கிட்டே இருந்திருக்கார். 17 வருஷம் கழிச்சு 2020-ல பழைய பேர்ல திரும்பி வந்திருக்கார்.

என் குழப்பம் அந்த நடு வருஷங்கள்தான். இசை நிறையக் கேக்குற நண்பர் ஒருத்தர்கிட்ட கேட்டேன். "க்ளோ கேளு, அப்புறம் நேரா 'எ க்ரோ லுக்ட் அட் மீ'க்குப் போயிடு, மிச்சமெல்லாம் வெறியர்களுக்கு"ன்னு முடிச்சுட்டார். எனக்கு மனசு ஒப்பலை. 2020 பாட்டுல அவர் சொல்றது பாதி எனக்குப் பிடிபடாமப் போனதே நடுவுல நடந்தது தெரியாததாலதான்னு தோணுது.

தானே வெளியிட்ட இந்த ஆல்பங்கள்ல எதை முதல்ல எடுக்கணும்? 2001-ல பேர் வாங்கின ஒருத்தர் பழைய பேரை 2020-ல மறுபடி எடுக்குறது பழம்பெருமையா, இல்லை அதுக்கு வேற காரணம் இருக்கா? அப்புறம் 'எ க்ரோ'வைப் பத்தி எல்லாரும் ஒரு மாதிரி பயமுறுத்துறாங்க. அதை எப்போ கேக்கலாம்?

*

நாடாச்சுருள்:

ஈரமண், உங்கள் மனசு சொன்னதுதான் சரி. நண்பர் காட்டிய வழியில் போகாதீர்கள்.

'நோ ஃப்ளாஷ்லைட்' வந்த காலத்திலிருந்து எல்வெரமைக் கேட்டு வருகிறேன். வீட்டில் ஃபோர் டிராக் கேசட் ரெக்கார்டரில், அதாவது நாலு தனித்தனித் தடங்களில் ஒலி பதியும் கருவியில், பாட்டுப் பதிவு செய்கிற பழக்கமும் உண்டு. அதனால் பதில் நீளும்.

நடு வருடங்களைத் தாண்டக் கூடாது என்று நான் சொல்வதற்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான். இந்த மனிதர் தன் பாட்டுக்குத் தானே பதில் எழுதுகிறவர். 'தி க்ளோ பார்ட் 2' என்று பெயர் இருக்கிறதே, முதல் பாகம் எங்கே என்று தேடினீர்களா? அது ஆல்பம் இல்லை, ஒரு பாட்டு. 2000-இல் வந்த 'இட் வாஸ் ஹாட், வீ ஸ்டேய்ட் இன் த வாட்டர்' ஆல்பத்தில் இருக்கிறது. அந்த ஒரு பாட்டில் தொட்டதை விடமுடியாமல்தான் அடுத்த ஆண்டு ஒரு முழு ஆல்பமே வந்தது. இது இளமைக்காலப் பழக்கமாக நின்றுவிடவில்லை. 2008-இல் 'லாஸ்ட் விஸ்டம்' என்று ஒரு ஆல்பம், அதில் அதே பெயரில் ஒரு பாட்டு. 2009-இல் வந்த 'விண்ட்ஸ் போயம்' ஆல்பத்துக்குள் 'லாஸ்ட் விஸ்டம் பார்ட் 2' என்ற பாட்டு. 2019-இல் அதே பெயரில் ஒரு முழு ஆல்பம். 'விண்ட்ஸ் போயம்'-இல் 'த்ரூ த ட்ரீஸ்' என்ற நீண்ட பாட்டு. 2012-இல் 'க்ளியர் மூன்' தொடங்குவதே அதன் இரண்டாம் பாகத்தோடுதான். நடுவில் உள்ளதைத் தாண்டிவிட்டு 2020-க்கு வந்தால், யாரோ இரண்டு பேர் பல வருடமாகப் பேசிக்கொண்டிருக்கும் அறைக்குள் கடைசியில் நுழைந்த மாதிரி இருக்கும். உங்களுக்குப் பாதி பிடிபடாமல் போனது அதனால்தான்.

எங்கிருந்து வந்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன், கேட்கும்போது உதவும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் அனகார்டெஸ் என்ற ஊர். ஃபிடால்கோ தீவில் இருக்கிறது. அங்கே 'தி பிசினஸ்' என்ற இசைத்தட்டுக் கடையில் பையனாக இருக்கும்போது வேலை பார்த்தார். கடையை நடத்தியவர் 'பீட் ஹாப்பனிங்' இசைக்குழுவின் பிரெட் லன்ஸ்ஃபோர்ட். கடையின் பின்னறையில்தான் முதல் கேசட்டுகள் பதிவாயின. பிறகு ஒலிம்பியாவுக்குப் படிக்கப் போனார். கே ரெக்கார்ட்ஸின் 'டப் நார்காடிக்' பதிவுக்கூடம் அங்கே கிடைத்தது.

க்ளோவைக் கேட்கும்போது ஹெட்ஃபோன் போட்டுக்கொள்ளுங்கள். முதல் பாட்டில் இடது காதில் ஒரு கிதார், வலது காதில் இன்னொரு கிதார். இரண்டும் ஒரே கையின் வேலை, ஆனால் துளி விலகி விலகி ஓடும். அந்தச் சின்ன விலகல்தான் அசைவு. அது ஊஞ்சலாட்டமாக உங்களைத் தூக்கிப்போய்க் கடைசியில் டிரம்ஸில் மோதவிடும். ஆல்பம் நெடுகிலும் பனிமூட்டத்தில் கப்பல்களுக்காக ஊதும் சங்கின் ஓசை தூரத்தில் வந்து வந்து போகும். அப்போது அவருக்கு 23 வயதுகூட நெருக்கித்தான். அந்த ஆண்டின் சிறந்த ஆல்பமாகப் பிட்ச்ஃபோர்க் என்ற இசை விமர்சனத் தளம் அதைத்தான் தேர்ந்தெடுத்தது.

நாடாவில் பதிவு செய்கிறவனாக ஒன்று சொல்லவேண்டும். நாலு டிராக் என்றால் நாலுதான். மூன்றில் கிதாரும் பேஸும் டிரம்ஸும் பதிந்துவிட்டு, மூன்றையும் கலந்து நாலாவதில் இறக்கினால்தான் முதல் மூன்றும் காலியாகும். இறக்கிவிட்டால் முடிந்தது. பிறகு டிரம்ஸை மட்டும் கொஞ்சம் தணிக்கலாமே என்று ஆசைப்பட்டால் நடக்காது. இறக்கும் ஒவ்வொரு முறையும் நாடா இரைச்சல் ஒரு படி ஏறும். அதனால் பாட்டு முடியும் முன்பே, பாட்டு எப்படி இருக்கவேண்டும் என்று தீர்மானித்தாக வேண்டும். இப்படி வளர்ந்தவர்களின் காது வேறு மாதிரி வேலை செய்யும். இரைச்சலை அவர்கள் துடைப்பதில்லை, அதையும் ஒரு வாத்தியமாகக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். எல்வெரமிடம் கணினி வந்தபிறகும் இந்தக் காது மாறவில்லை. தானே வெளியிட்ட ஆண்டுகளில் அந்தக் காதை யாருக்காகவும் சரிசெய்ய வேண்டிய தேவை அவருக்கு இல்லை. அந்த ஆண்டுகள் எனக்கு இவ்வளவு முக்கியமாகப் படுவது அதனால்தான்.

இனி வரிசை. 2003-இல் வந்த கடைசி மைக்ரோஃபோன்ஸ் ஆல்பத்தின் பெயரே 'மவுண்ட் ஈரி'தான், அவர் ஊருக்குப் பக்கத்திலுள்ள மலையின் பெயரைச் சற்றுத் திரித்தது. மொத்தம் ஐந்து பாட்டு. அதற்கு முன் 2002 குளிர்காலத்தில் வடக்கு நார்வேயில் ஒரு குடிசையில் போய்த் தனியாகத் தங்கினார். அங்கே எழுதிய பாட்டுகள் 'டான்' என்ற பெயரில் பின்னால் வந்தன. திரும்பி வந்து சொந்த ஊரிலேயே உட்கார்ந்துகொண்டார். லேபிளின் பெயர் 'பி.டபிள்யூ. எல்வெரம் அண்ட் சன்'.

2005-இல் வந்த 'நோ ஃப்ளாஷ்லைட்' இசைத்தட்டின் உறையைக் கையில் எடுத்துப் பார்த்தால் லேபிள் சொந்தமாக இருப்பதன் அர்த்தம் விளங்கும். உறையே ஒரு பெரிய தாள். விரித்துக்கொண்டே போனால் தரையை அடைத்துக்கொள்ளும். படங்களும், ஒவ்வொரு பாட்டுக்கும் விளக்கக் குறிப்புகளும் சின்ன எழுத்தில். செலவுக் கணக்குப் பார்க்கிற எந்த இடத்திலும் முதலில் வெட்டப்படுவது இதுதான். அவர் அதைத்தான் முதலில் செய்தார்.

ஆனாலும் நீங்கள் அங்கே தொடங்க வேண்டாம். 'லாஸ்ட் விஸ்டம்' எடுங்கள். 25 நிமிடம்கூட வராது. கனடாவின் ஜூலி டாய்ரனும் ஃப்ரெட் ஸ்க்வயரும் எல்வெரமோடு சேர்ந்து செய்தது. டாய்ரன் இருந்த 'எரிக்ஸ் ட்ரிப்' இசைக்குழு வீட்டில் ஃபோர் டிராக்கில் பதிவு செய்து பெயர் வாங்கியது. எல்வெரம் பையனாக அவர்களை விழுந்து விழுந்து கேட்டவர். தான் வளர்ந்த குரலோடு சேர்ந்து பாடும்போது ஒருவரின் குரல் எவ்வளவு அடங்குகிறது என்று அதில் கேட்கலாம். டாய்ரன் ஒரு வரிக்குள் நுழைந்ததும் எல்வெரம் கிதாரை இன்னும் மெதுவாக மீட்டுகிறார். யாரும் அவரிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அதன் பிறகு 'விண்ட்ஸ் போயம்'. தொடக்கமே பிளாக் மெட்டல் இரைச்சல், காற்று கூரையைப் பெயர்க்கிற மாதிரி. பயப்படாதீர்கள், இரண்டாவது பாட்டு 'த்ரூ த ட்ரீஸ்' உங்களைத் தாங்கிக்கொள்ளும். பிறகு 2012-இன் 'க்ளியர் மூன்', 'ஓஷன் ரோர்'. இரண்டும் அனகார்டெஸில் ஒரு பழைய தேவாலயக் கட்டடத்தில் அவர் அமைத்திருந்த பதிவுக்கூடத்தில் பிறந்தவை. உயரமான கூரைக்கு அடியில் ஓசை மேலே போய்த் தாமதமாகத் திரும்பி வருவது பாட்டுக்குள்ளேயே இருக்கிறது.

பழம்பெருமையா என்று கேட்டீர்கள். இல்லை. 2019-இல் சொந்த ஊர் நிகழ்ச்சி ஒன்றில் பழைய பெயரில் பாடினார். மைக்ரோஃபோன்ஸ் மறுபடி வந்துவிட்டதா என்று ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். ஒரு பெயரை எடுப்பதிலும் விடுவதிலும் என்ன இருக்கிறது என்று அவரையே அது யோசிக்கவைத்தது. அந்த 44 நிமிடமும் அந்த யோசனைதான். பழைய ஓசையைத் திரும்பச் செய்துகாட்டி ஆளைச் சேர்க்கிற வேலை அதில் எங்கேயும் இல்லை. உங்களை நிறுத்தப் பார்த்த அந்த இரண்டு கார்ட்டுக்கும் பதில் பாட்டுக்குள்ளேயே இருக்கிறது. இளம் வயதில் 'ஸ்டீரியோலேப்' இசைக்குழு ஒரே கார்ட்டை விடாமல் நீட்டி வாசித்ததைப் பார்த்தது தன்னை எப்படி மாற்றியது என்று அவர் சொல்கிற இடத்தை மறுபடி கேளுங்கள். அந்த அனுபவத்தை உங்களுக்குச் சொல்வதற்கு முன்பே உங்களை அதற்குள் உட்காரவைத்துவிட்டார்.

'எ க்ரோ' பற்றித் தனியாக எழுதுகிறேன். அதை இந்த வரிசைக்குள் நுழைக்க எனக்கு மனமில்லை.

*

மெல்லிசை_வேண்டும்:

நாடாச்சுருள் அண்ணா எழுதினதை ரசிச்சுப் படிச்சேன். ஆனா ஒரு இடத்துல எனக்கு உடன்பாடில்லை, சொல்லியே ஆகணும்.

யாரும் குறுக்கே வராம தானே எல்லாம் செஞ்சா அதுவே மேல்னு ஒரு எண்ணம் நம்ம எல்லாருக்கும் இருக்கு. எனக்கு இல்லை. தனியா வேலை செய்றவங்களுக்கு இன்னொரு ஜோடிக் காது தேவைப்படும். 2024-ல எல்வெரம் போட்ட 'நைட் பேலஸ்' 26 பாட்டு, 80 நிமிஷம் சொச்சம். பக்கத்துல ஒரு நல்ல புரொட்யூசர் இருந்திருந்தா 15 பாட்டோட நின்னிருக்கும், இன்னும் கூர்மையா இருந்திருக்கும்.

இங்கிலாந்துப் பாடகர் பில் ஃபேயை எடுத்துக்குங்க. 1970-ல ஒண்ணு, 1971-ல ஒண்ணுன்னு ரெண்டே ஆல்பம். விக்கலை, கம்பெனி கைவிட்டுடுச்சு. அப்புறம் பல பத்தாண்டுகள் வேற வேற வேலை பார்த்துக்கிட்டு, வீட்ல பியானோ முன்னாடி உக்காந்து எழுதிக்கிட்டே இருந்தார். ஜோஷுவா ஹென்றின்னு ஒரு இளம் புரொட்யூசர், அப்பா வெச்சிருந்த இசைத்தட்டுகள்ல இவரைக் கேட்டு வளர்ந்தவர், தேடிப் போய் ஸ்டுடியோவுக்குக் கூட்டிட்டு வந்தார். 1971-ல கூட வாசிச்ச ரே ரஸ்ஸலும் ஆலன் ரஷ்டனும் மறுபடி வந்தாங்க. 2012-ல 'லைஃப் இஸ் பீப்புள்' வெளியாச்சு. அப்புறம் 2015-லயும் 2020-லயும் ரெண்டு. 2025-ல அவர் காலமாயிட்டார்.

அந்தப் பையன் தேடிப் போகலைன்னா நமக்கு அந்த மூணு ஆல்பமும் கிடையாது. வீட்டு கேசட்ல இருந்த பாட்டுக்கு ஒரு ஆர்கனும் பின்னணிக் குரல்களும் சேர்ந்தப்போ அது பெருசாச்சு, கெட்டுப்போகலை. திரும்பி வர்றவருக்கு ஒரு கை கொடுக்க ஆள் வேணும்.

*

ரசீதுப்புத்தகம்:

இசையைப் பற்றி மேலே இருப்பவர்கள் சொல்வார்கள். நான் பணத்தைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன், தானே வெளியிடுகிறவர்களுக்கு அதுவும் சேர்ந்ததுதான் வாழ்க்கை.

ஈரமண், கேட்டுப் பிடித்துப்போனால் ஒன்றையாவது வாங்குங்கள். பேண்ட்கேம்ப் என்ற இசை விற்பனைத் தளத்தில் டிஜிட்டல் ஆல்பம் வாங்கினால் நிறுவனம் எடுத்துக்கொள்வது 15 சதவீதம். ஒரு கலைஞரின் விற்பனை 5,000 டாலரைத் தாண்டினால் அது 10 சதவீதமாகும். இசைத்தட்டு, கேசட் போன்ற பொருட்களுக்கு 10. பணப்பரிமாற்றக் கட்டணம் போக மீதி எழுதிப் பாடினவருக்கு. 2020 மார்ச் 20-இல் தொடங்கிய 'பேண்ட்கேம்ப் வெள்ளி' நாட்களில் அந்தப் பங்கையும் அவர்கள் விட்டுக்கொடுக்கிறார்கள். ஸ்பாட்டிஃபையில் 2024-லிருந்து ஒரு பாட்டு முந்தைய 12 மாதத்தில் 1,000 முறை ஓடியிருந்தால்தான் காசு கணக்கிலேயே ஏறும். கொஞ்சம் பேர் மட்டும் கேட்கிற ஒருவருக்கு இதன் அர்த்தம் என்ன என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அதோடு எல்வெரமின் தளத்திலேயே நேரடியாக வாங்கலாம். உறையும் தாளும் அச்சும் பற்றி மேலே ஒருவர் எழுதியது உண்மை. அது திரையில் தெரியாது.

*

நாடாச்சுருள்:

மெல்லிசை_வேண்டும், பில் ஃபேயை நினைவுபடுத்தியதற்கு நன்றி. 'லைஃப் இஸ் பீப்புள்' எனக்கும் உயிர். ஜோஷுவா ஹென்றி செய்ததில் பாதியை ஏற்றுக்கொள்கிறேன், மீதிப் பாதியை இப்படிப் பார்க்கிறேன்: அவர் அந்த மனிதரைத் திருத்தவில்லை. சிறு வயதிலிருந்து அந்த இரண்டு ஆல்பங்களையும் கேட்டு, இந்தக் குரல் எந்த வேகத்தில் மூச்சு விடுகிறது என்று தெரிந்துகொண்டு வந்தவர். அதனால்தான் ஆர்கன் சேர்ந்தபோதும் குரல் முன்னால் நின்றது. ஃபேயின் அந்த நடு வருடங்களும் வெறும் காத்திருப்பு இல்லை. 1978 முதல் 1981 வரை பதிவு செய்தவை 2005-இல்தான் 'டுமாரோ டுமாரோ அண்ட் டுமாரோ' என்று வெளிவந்தன. அதைக் கேட்டுவிட்டு 2012-க்கு வந்து பாருங்கள், ஸ்டுடியோவுக்குள் நுழைந்தவர் எவ்வளவு தயாராக இருந்தார் என்று தெரியும்.

எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. டேனியல் ஜான்ஸ்டன் 1980-களின் தொடக்கத்தில் சான்யோ கேசட் ரெக்கார்டர் ஒன்றை வைத்துக்கொண்டு பாடிப் பதிந்தார். ஆஸ்டின் நகரத் தெருக்களில் கண்ணில் பட்டவர் கையிலெல்லாம் கேசட்டைத் திணித்தார். நகல் எடுக்கும் வசதி இல்லாத ஆரம்பக் காலத்தில் யாராவது கேட்டால் முழு ஆல்பத்தையும் மறுபடி முதலிலிருந்து பாடிப் பதிந்து கொடுத்ததாக அவர் நண்பர்கள் சொல்லியிருக்கிறார்கள். 'நிர்வாணா' இசைக்குழுவின் பாடகர் கர்ட் கோபெய்ன், ஜான்ஸ்டனின் கேசட் உறைப் படம் போட்ட சட்டையோடு 1992-இல் தொலைக்காட்சி விருது விழாவுக்கு வந்தபிறகு பெரிய கம்பெனிகள் கதவைத் தட்டின. 1994-இல் அட்லாண்டிக் வெளியிட்ட 'ஃபன்' நல்ல ஆல்பம்தான், அக்கறையோடு செய்தது. விற்கவில்லை, இரண்டு வருடத்தில் ஒப்பந்தம் முடிந்தது. அந்தக் கேசட்டுகளில் கார்ட் ஆர்கனின் கட்டைகள் அழுந்தும் 'டக் டக்' சத்தம் கேட்கும். அதுதான் அவருடைய தாளம். ஸ்டுடியோவில் தாளத்துக்கு ஆள் கிடைத்தார்கள், அந்த டக் டக் போய்விட்டது. அது போனதும் குரல் எதில் சாய்வது என்று தேடுவதை நான் ஒவ்வொரு முறையும் உணர்கிறேன்.

இரண்டாவது காது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்தக் காது முதலில் பழையதையெல்லாம் கேட்டிருக்க வேண்டும். சில சமயம் அந்த இரண்டாவது ஆள், வயதான அதே மனிதராகவும் இருக்கலாம். வில் டொலிடோ அதற்கு உதாரணம். பெற்றோரின் காரில் பின்னிருக்கையில் உட்கார்ந்து குரல் பதிந்தவர், 'கார் சீட் ஹெட்ரெஸ்ட்' என்று பெயர் வைத்ததே அதனால்தான். 2011-இல், 19 வயதில், 'ட்வின் ஃபேண்டஸி'யைத் தானே பேண்ட்கேம்பில் போட்டார். பிறகு மேட்டடார் லேபிளுக்குப் போய், இசைக்குழுவெல்லாம் அமைந்தபின், 2018-இல் அதே ஆல்பத்தை முதலிலிருந்து கடைசி வரை மறுபடி பதிவு செய்தார். 'ஃபேமஸ் ப்ராஃபெட்ஸ்' பாட்டு பழையதில் சுமார் 10 நிமிடம், புதியதில் 16. எழுத்தும் சில இடங்களில் மாறியிருக்கிறது. பையன் சொன்னதை வளர்ந்தவர் அப்படியே ஒப்புக்கொள்ளவில்லை. முக்கியமானது, பழையதை அவர் மறைக்கவில்லை. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் கிடைக்கின்றன. இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேளுங்கள். பழையதில் குரல் இரைச்சலுக்குள் ஒளிந்துகொள்கிறது, புதியதில் ஒவ்வொரு சொல்லும் கேட்கிறது. புதியது மேல் என்று நினைக்கிறேன். ஆனால் பழையது இல்லாமல் அந்தத் தெளிவின் விலை எனக்குத் தெரிந்திருக்காது.

'நைட் பேலஸ்' நீளம் பற்றி நீங்கள் சொல்வதை ஏற்க மாட்டேன். அந்த 26 பாட்டில் சில ஒரு நிமிடம்தான். ஒரு எண்ணம் வந்துபோகும் நேரம் அவ்வளவுதான் என்று அவருக்குத் தெரிகிறது. 15 ஆக்கியிருந்தால் முதலில் போவது அந்தச் சின்னப் பாட்டுகள்தான், எனக்கு அவைதான் வேண்டும்.

இப்போது 'எ க்ரோ லுக்ட் அட் மீ'. அவருடைய மனைவி ஷெனவியேவ் காஸ்ட்ரே, சித்திரக்கதைக் கலைஞர், இசையும் செய்தவர், 2016 ஜூலையில் கணையப் புற்றுநோயால் இறந்தார். வயது 35. அவர்களின் மகள் அப்போது கைக்குழந்தை. அந்த ஆண்டின் கடைசி மாதங்களில், மனைவி இறந்த அதே அறையில், பெரும்பாலும் அவருடைய வாத்தியங்களை வைத்தே எல்வெரம் இந்தப் பாட்டுகளைப் பதிவு செய்தார். 2017 மார்ச்சில் வெளிவந்தது. நீங்கள் 'விண்ட்ஸ் போயம்' கேட்டிருந்தால், காற்றையும் மலையையும் மரணத்தையும் எவ்வளவு பெரிய சொற்களில் பாடியவர் இவர் என்று தெரிந்திருக்கும். இந்த ஆல்பத்தில் அந்தச் சொற்கள் ஒன்றுகூட உதவவில்லை. வீட்டுக்கு வருகிற தபால், குப்பைத்தொட்டி, குழந்தையின் பள்ளிப்பை என்று கையில் தொட முடிந்ததை மட்டும் பாடுகிறார். பின்னணியில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. நடு வருடங்களைத் தாண்டி நேரே இதற்குப் போகாதீர்கள் என்று நான் அடம்பிடிப்பது இதற்காகத்தான். அந்த முந்தைய பாட்டுகளைத் தெரிந்தவருக்கு, அவர் எதைக் கீழே வைத்துவிட்டுப் பாடுகிறார் என்பது கேட்கும்.

எப்போது கேட்கலாம் என்றால், வீட்டில் துக்கம் புதிதாக இருக்கும்போது வேண்டாம். வேலை செய்துகொண்டே பின்னணியில் ஓடவிடவும் வேண்டாம். சொல் புரிந்து கேட்கவேண்டிய ஆல்பம், வரிகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பாதியில் நிறுத்தத் தோன்றினால் நிறுத்திவிடுங்கள், மீதியை இன்னொரு மாதம் கேட்கலாம்.

*

ஈரமண்:

அண்ணா, 'லாஸ்ட் விஸ்டம்' கேட்டேன். நீங்க சொன்ன அந்தக் கிதார் தணியுற இடம் எனக்குக் கேட்டுச்சு. சொல்லாம இருந்திருந்தா கவனிச்சிருக்க மாட்டேன். அப்படியே 'விண்ட்ஸ் போயம்' போட்டேன். முதல் பாட்டு உண்மையிலயே அடிச்சுத் தூக்குது. 'லாஸ்ட் விஸ்டம் பார்ட் 2' வந்ததும் முதல் ஆல்பத்துக்குத் திரும்பிப் போய் அந்தப் பாட்டை மட்டும் மறுபடி கேட்டேன். ஒண்ணுல காதுக்குப் பக்கத்துல வந்து மெதுவாச் சொன்னதை இன்னொண்ணுல அந்த இரைச்சலுக்கு நடுவுல நின்னு சொல்றார். ரெண்டும் ஒரே ஆளுக்கு நடந்த ஒரே விஷயம்னு புரியுது. நண்பர்கிட்டயும் இதைப் போட்டுக் காட்டப் போறேன்.

மெல்லிசை_வேண்டும், பில் ஃபேயை நான் கேள்விப்பட்டதே இல்லை. பட்டியல்ல சேர்த்தாச்சு. ரசீதுப்புத்தகம், 'லாஸ்ட் விஸ்டம்' வாங்கியாச்சு.

அண்ணா, 'க்ளியர் மூன்', 'ஓஷன் ரோர்' ரெண்டும் ஒரே வருஷம்னு சொன்னீங்க. ஒரே மூச்சுல கேக்கலாமா?

*

மெல்லிசை_வேண்டும்:

ஒரே மூச்சுல வேணாம். 'ஓஷன் ரோர்' எனக்கு இன்னிக்கு வரைக்கும் கனமாத்தான் இருக்கு. அதுல 'போபோல் வூ'ங்கிற ஜெர்மன் இசைக்குழுவோட பாட்டு ஒண்ணை எடுத்து அவர் பாணியில வாசிச்சிருக்கார். அதை மட்டும் முதல்ல கேட்டுப் பாருங்க, உள்ளே போக வழி கிடைக்கும். 'நைட் பேலஸ்' விஷயத்துல அண்ணா சொன்ன சின்னப் பாட்டுகளுக்காக இன்னொரு தடவை கேக்குறேன், ஆனா 80 நிமிஷம் ஜாஸ்திதான்.

*

நாடாச்சுருள்:

ஈரமண், 'க்ளியர் மூன்' முதலில், அதுவும் முழுசாக. 'த்ரூ த ட்ரீஸ் பார்ட் 2'வோடு தொடங்குவதால் நீங்கள் இப்போது கேட்டு முடித்த இடத்திலிருந்தே அது உங்களைக் கூட்டிக்கொண்டு போகும். அது மே மாதம் வந்தது, மற்றது செப்டம்பரில். இடையில் அந்த நாலு மாதம் அவரே விட்டிருக்கிறார், நீங்களும் சில நாளாவது விடுங்கள். 'ஓஷன் ரோர்' போடும்போது ஒலியைக் கொஞ்சம் குறைவாக வைத்துத் தொடங்குங்கள். முதல் பாட்டின் இரைச்சலுக்கு நடுவில் குரல் எங்கே இருக்கிறது என்று காது பழகியபிறகு ஏற்றிக்கொள்ளலாம். அதை முடித்துவிட்டு எழுதுங்கள், அவருடைய 'சானா' ஆல்பத்தைப் பற்றிப் பேசவேண்டியது நிறைய இருக்கிறது.